பிலோடென்ட்ரான் மெலனோகிரைசம்

கொலம்பியாவின் ஆண்டீஸ் அடிவார மழைக்காடுகளுக்கே உரிய கொடி. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1873இல் லிண்டனும் ஆந்த்ரேயும் பெயரிட்டனர். இளஞ்செடியின் இலை சிறிய இதய வடிவம். மரமேறி முதிர்ந்ததும் அரை மீட்டருக்கு மேல் நீண்டு தொங்கும். உருவம் இவ்வளவு மாறுவதால் இரண்டும் வெவ்வேறு இனங்களாகவே ஒரு காலத்தில் கருதப்பட்டன. செம்புநிறத்தில் விரியும் தளிர் நாளடைவில் கரும்பச்சை வெல்வெட்டாகும். அதில் வெளிர் நரம்புகள் துலங்கும் அழகுக்கு ஈடில்லை.

வீட்டில் வளர்க்க, ஈரப்பாசி சுற்றிய கம்பம் கட்டாயம்: கணுவேர்கள் அதைப் பற்றினால்தான் இலை பெருக்கும். தொங்குதொட்டியில் விட்டால் சிறுத்தே போகும். நேர்வெயில் ஆகாது. ஏசி அறையின் வறண்ட காற்றில் தளிர் உறையைவிட்டு வெளிவர முடியாமல் கிழியும். மரப்பட்டைத் துண்டும் பெர்லைட்டும் சேர்ந்த, நீர் தேங்காத கலவை ஏற்றது. செடியை மென்றால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயை எரிக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.