தொலைப்பொறியைக் காட்டும் சாளரம்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரிலுள்ள கணக்குப் பொறியை இயக்குவது பழைய செய்திதான். 1940 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பார் அமெரிக்காவின் ஹனோவர் நகரில் டெலிடைப் கருவி வாயிலாக வினாக்களை அனுப்பி, நியூயார்க்கிலிருந்த பொறியிடம் விடை பெற்றுக் காட்டினார். ஆனால் அங்கே வந்தவை எழுத்துகளும் எண்களுமே.

பொறியின் முகத்தையே நம் முன் கொணரும் சாளரங்கள் பிற்காலத்தவை. அவற்றுள் பெரும்புகழ் பெற்ற வி.என்.சி., இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் அமைப்பு மிக எளியது. தொலைவிலுள்ள கணிப்பொறி, தன் திரையில் மாறிய பகுதிகளை மட்டும் செவ்வகங்களாக அனுப்பும். நம் சாளரம் அவற்றைப் பொருத்திக் காட்டி, நம் விசைத்தட்டலையும் சுட்டெலியின் அசைவையும் திருப்பி அனுப்பும். வேறொன்றையும் அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஆதலால், பாதி எழுதிய வாக்கியத்தோடு சாளரத்தை மூடிவிட்டு, வேறோர் ஊரில் வேறொரு கணிப்பொறியில் திறந்தாலும், அவ்வாக்கியம் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். மணியடித்ததும் கரும்பலகையைத் துடைத்துப் பழகிய எனக்கு இது பெருவியப்பு!

1998-இல் அதன் மூல நிரலை எவரும் எடுத்தாளலாம் என வெளியிட்டனர். மறு ஆண்டே ஆய்வுக்கூடம் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் கைக்கு மாறியது, 2002-இல் மூடப்பட்டது. நிரலும் உள்ளேயே இருந்திருப்பின் கதவோடு அதுவும் பூட்டப்பட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன். வெளியே பல கைகளில் அது முன்னமே வழங்கியது. அதனை ஆக்கியோருட் சிலர் அவ்வாண்டே ரியல்வி.என்.சி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். டைட்வி.என்.சி. முதலிய கிளைகளைப் பிறர் வளர்த்தனர்.