முதிய தம்பதியருக்கான கேரவன் படுக்கை அமைப்பு

கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தனக்கென எஞ்சின் இல்லாமல், காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சின்னஞ்சிறு வீடு அது. கப்பற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885இல் பிரிஸ்டலில் செய்வித்த 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைத்தான் உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவனாகச் சொல்வார்கள். 1907இல் கேரவன் கிளப் தோன்றியது; கார் பெருகியதும் குதிரை விலகியது. இன்று கேரவன் வாங்குவோரில் பணி ஓய்வுபெற்ற தம்பதியர் கணிசமானவர்கள். அதற்குள் எத்தனை பேர் தூங்கலாம் என்பதை ரயிலைப் போலவே பர்த் கணக்கில் சொல்கிறார்கள். ஆனால் பர்த் எத்தனை என்பதைவிட, அது வண்டிக்குள் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதுதான் அறுபது எழுபது வயதுக்காரர்களுக்கு முக்கியம். மெத்தையின் தடிமனையும் தலைமாட்டு வேலைப்பாட்டையும் பார்த்து முடிவெடுப்பவர்கள், நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டிலிலிருந்து எப்படி இறங்குவது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

முதுமையின் தூக்கம் தொடர்ச்சியானதல்ல. ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைந்து, சிறு ஓசைக்கும் அசைவுக்கும் விழிப்பு வருகிறது. எழுபது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் இரவில் ஒரு முறையாவது சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். ஆண்களின் புராஸ்டேட் தொல்லை மட்டும் இதற்குக் காரணமல்ல, பெண்களுக்கும் இது பொது. படுத்த நிலையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும், கண் இருட்டுக்குப் பழக அதிக நேரம் எடுப்பதும் இதே வயதின் கோளாறுகள். உலகெங்கும் தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் விழுதல் இரண்டாம் இடத்தில் நிற்கிறது என்றும், அப்படி இறப்பவர்களில் அறுபது கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆகவே இவர்களுக்குக் கட்டில் படுப்பதற்கான இடம் மட்டுமல்ல, ஒவ்வோர் இரவும் ஓரிரு முறை இறங்கி ஏற வேண்டிய இடமும்கூட. ஒருவர் எழுவதால் மற்றவர் எழ வேண்டியிருக்கிறதா, கழிப்பறைக்குப் போகும் வழியில் திருப்பமோ தடையோ உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டே எல்லா அமைப்புகளையும் எடைபோட்டுவிடலாம்.

இந்தக் கேள்விகளில் முதலில் தோற்பது பிரெஞ்சு பெட் என்று பிரிட்டனில் அழைக்கப்படும் நிலையான இரட்டைக் கட்டில். வண்டியின் நீளவாக்கில், ஒரு பக்கச் சுவரை ஒட்டி அது கிடக்கும். பக்கத்தில் நடக்க இடம் விடுவதற்காகக் கால்மாட்டில் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். இடத்தை மிச்சப்படுத்துவதில் கெட்டிக்காரத்தனமான அமைப்புதான், குழந்தைகளோடு போகும் இளம் குடும்பத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவரோரம் படுப்பவர் இறங்க வேண்டுமானால் துணையைத் தாண்ட வேண்டும், இல்லையேல் கால்மாடு வரை தவழ வேண்டும். வெளிப்புறம் படுப்பவருக்கோ வெட்டிய மூலையால் கால் நீட்ட இடம் போதாது. ஆக, ஒருவருக்கு வழியில்லை, மற்றவருக்கு நீளமில்லை. வண்டியின் குறுக்காகக் கட்டிலைப் போட்டு, ஒருவரைச் சுவரோரம் சிறைவைக்கும் அமைப்புக்கும் இதே குறைதான். ஆஸ்திரேலியக் கேரவன்காரர்கள் இதைக் கிழக்கு–மேற்குக் கட்டில் என்றும், நீளவாக்கில் கிடப்பதை வடக்கு–தெற்குக் கட்டில் என்றும் சொல்வார்கள். வண்டி எந்தத் திசையில் நின்றாலும் பெயர் மாறாது.

இதற்கு விடையாக வந்ததுதான் தீவுக் கட்டில். தலைமாடு மட்டும் சுவரைத் தொட, இரு பக்கமும் நடைவழி இருக்கும். கண்காட்சிகளில் கூட்டத்தை இழுப்பது இதுவே, வீட்டுப் படுக்கையறையின் சாயல் இருப்பதால். இருவரும் தத்தம் பக்கமாக இறங்கலாம் என்பதால் முதல் கேள்வியில் அது தேறுகிறது. இரண்டாவதில் கணக்கு உதைக்கிறது. வண்டியின் உள் அகலத்தை 2.15 மீட்டர் என்று கொள்வோம். நீளவாக்கில் 1.35 மீட்டர் அகலக் கட்டிலை நடுவில் போட்டால் மிஞ்சுவது 80 சென்டிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 40. தலைமாட்டு அலமாரிகள் அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் ஒருக்களித்து நடக்க வேண்டிய சந்து அது. கட்டிலைக் குறுக்காகப் போட்ட தீவு அமைப்பில், 1.85 மீட்டர் மெத்தைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 30 சென்டிமீட்டர்தான். அதனால்தான் பகலில் கட்டிலை உள்ளே தள்ளி, இரவில் வெளியே இழுக்கும் பொறி வைக்கிறார்கள். கழிப்பறை வண்டியின் கடைக்கோடியில் இருந்தால், அந்தப் பொறி இழுபட்டிருக்கும் வேளையில்தான், அதாவது வழி மிகக் குறுகியிருக்கும் வேளையில்தான், ஆள் அதைக் கடக்க வேண்டியிருக்கிறது. வெளி அகலம் 2.45 மீட்டர் வரும் புதிய வண்டிகளில் இந்த நெருக்கடி சற்றுக் குறைகிறது. மறைந்துவிடுவதில்லை.

அதே 2.15 மீட்டரை வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கலாம். இரு சுவர்களை ஒட்டி 70 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் போட்டால் நடுவில் 75 சென்டிமீட்டர் நடைவழி கிடைக்கிறது. இரண்டு சந்துகளாகச் சிதறிக் கிடந்த இடம் ஒரே பாதையாகச் சேர்ந்துவிடுகிறது. இருவரும் கால்களைத் தரையில் ஊன்றி, சற்று உட்கார்ந்து தலைசுற்றல் தணிந்த பின், இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நேரே நடக்கலாம். கழிப்பறை அந்த நடைவழியின் முடிவிலேயே அமைந்திருந்தால் நாலைந்து எட்டில் கதவு வந்துவிடும். ஒருவர் புரண்டால் மற்றவர் மெத்தை அசையாது. குறட்டை கொஞ்சம் தள்ளிப்போகும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறுக்கு சிபாப் கருவி வைத்துத் தூங்குபவரின் குழாய் துணையின் முகத்தில் உரசாது. முதிய தம்பதியருக்கு நிலையான இரண்டு ஒற்றைக் கட்டில்களும் கடைக்கோடிக் கழிப்பறையும் கொண்ட வண்டியே முதல் தேர்வாக வேண்டும் என்பதற்கு இந்த 75 சென்டிமீட்டரே போதுமான சான்று.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே படுக்கையில் தூங்கியவர்களை நடைவழி பிரித்துவிடுகிறது என்பது முதல் மறுப்பு. இதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கக் கூடாது. பக்கத்தில் ஆள் இருப்பதே சிலருக்குத் தூக்க மருந்து. ஆனால் பல வண்டிகளில் இரு கட்டில்களுக்கும் இடையே இழுத்துவிடும் சட்டங்கள் உண்டு. அவற்றின்மேல் மெத்தைத் துண்டைப் போட்டால் சுவருக்குச் சுவர் ஒரே படுக்கையாகிவிடும். சேர்ந்து படுக்க விரும்பும் இரவில் சேரலாம். ஒருவருக்கு உடம்பு சரியில்லாத இரவில் பிரியலாம். தீவுக் கட்டிலுக்கு இந்த நெகிழ்வு கிடையாது. 70 சென்டிமீட்டர் மிகக் குறுகலல்லவா என்பது அடுத்தது. குறுகல்தான். ஆனால் 1.35 மீட்டர் இரட்டைக் கட்டிலில் ஒருவர் பங்கு 67.5 சென்டிமீட்டர்தானே! பிரிட்டனில் விற்கும் குழந்தைக் கட்டில் மெத்தையில் ஒரு வகை 70 சென்டிமீட்டர் அகலம் என்பதை நினைத்தால், பெரியவர்கள் எதற்கு உடன்படுகிறார்கள் என்பது விளங்கும். வீட்டில் 150 சென்டிமீட்டர் கிங் கட்டிலில் பழகியவர்களுக்கு அந்த வேறுபாடு முதல் இரவே தெரிந்துவிடும்.

ஈரம் பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது. குளிர்கால இரவில் இருவர் விடும் மூச்சு வெளிச்சுவரின் உட்புறத்தில் நீராகப் படிகிறது. அதை ஒட்டிய மெத்தையின் ஓரம் நனைந்து பூசணம் பிடிக்கலாம். ஒற்றைக் கட்டில்கள் இரண்டுமே வெளிச்சுவரை ஒட்டியவை. இந்த விஷயத்தில் தீவுக் கட்டில் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பலகைக்குப் பதில் இடைவெளிவிட்ட சட்டங்களின்மேல் மெத்தையைக் கிடத்துவதும், சுவருக்கும் மெத்தைக்கும் இடையே விரலளவு காற்று ஓட விடுவதும், கூரைச் சாளரத்தைச் சற்றே திறந்து வைப்பதும் இதைக் கட்டுப்படுத்தும். ஒருவருக்கு மற்றவர் பணிவிடை செய்ய வேண்டிய நிலையிலும், இரு பக்கமிருந்தும் அணுக முடிகிற தீவுக் கட்டில் நல்லதென்று தோன்றும். ஆனால் 40 சென்டிமீட்டர் சந்தில் குனிந்து ஒருவரைத் தூக்கி உட்காரவைப்பது எளிதல்ல. 75 சென்டிமீட்டர் நடைவழியில் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைச் செய்யலாம்.

எடையும் விலையும்தான் மிகக் கடினமான மறுப்பு. நிலையான கட்டில் போட்டால் வண்டி ஆறு மீட்டரை நெருங்கும், எடையும் ஏறும். சரக்கேற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பிரிட்டன் கிளப்புகள் சொல்லிவரும் அறிவுரை. சட்டமல்ல, அனுபவ விதி. 1,500 கிலோ காருக்கு அது 1,275 கிலோ. அந்தக் காரை மாற்ற மனமில்லாதவர்கள் ஐந்து மீட்டருக்குள் அடங்கும் 2 பர்த் வண்டியை நாடலாம். அதன் முன்பாதியில் எதிரெதிராக இரண்டு நீள சோபாக்கள், நடுவில் அடுப்படி, கடைசியில் அகலம் முழுவதும் கழிப்பறை. சோபா 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், சட்டம் எதையும் இழுக்காமல் சாய்மெத்தைகளை மட்டும் எடுத்துவிட்டு ஆளுக்கொரு கட்டிலாகப் படுத்துவிடலாம். வழி அதே நேர்வழிதான், போகும்போது பிடித்துக்கொள்ள அடுப்படி மேடையும் உண்டு. விலை என்னவென்றால் தினசரி வேலை: காலையும் மாலையும் மெத்தைகளை அடுக்கிக் கலைக்க வேண்டும், எடுத்தவற்றை எங்கே வைப்பது என்று தேட வேண்டும், ஒருவர் விழித்திருந்து படிக்க விரும்பினாலும் உட்கார இடமிருக்காது. வார இறுதிப் பயணத்துக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. மூட்டுவலி உள்ளவர் ஆறு வாரம் ஸ்பெயினில் குளிர்காலம் கழிக்கப் போகிறார் என்றால் அல்ல.

பேரப்பிள்ளைகள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டு 4 பர்த் வாங்குவோர் பலர். ஆண்டுக்கு இரண்டு இரவு வரும் விருந்தினருக்காக மற்ற இரவுகளின் வசதியை விட்டுக்கொடுப்பது அது. வாசலில் கட்டும் ஆனிங் கூடாரம் பிள்ளைகளுக்குப் போதும், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். இப்போது உடம்பு திடமாகத்தானே இருக்கிறது என்ற வாதமும் அடிக்கடி எழும். கேரவனைப் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம்; அறுபத்தைந்தில் வாங்கியவர் அதே கட்டிலிலிருந்து எழுபத்தைந்திலும் இறங்க வேண்டியிருக்கும்.

அமைப்பு சரியாக இருந்தாலும் உயரம் கெடுத்துவிடலாம். அடியில் பொருள் வைக்கவும் சக்கர மேட்டை மறைக்கவும் கட்டிலை உயர்த்தியிருப்பார்கள். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். மிகத் தாழ்வாக இருந்தாலும் எழும்போது முழங்கால் தாங்காது. கண்ணைக் கூசாத சிறு விளக்கு காலடியில் இருப்பது கூரை விளக்கைவிட நல்லது. இவற்றையெல்லாம் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பர்மிங்காம் என்.இ.சி. அரங்கில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் நடக்கும் கண்காட்சிகளில் ஏராளமான வண்டிகள் வரிசையாக நிற்கும். பார்வையாளர்கள் மெத்தையைக் கையால் அமுக்கிவிட்டு நகர்வார்கள். செருப்பைக் கழற்றி இருவரும் கால் மணி நேரம் படுத்துப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தீவுக் கட்டில்கள் காட்சிக்காக உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். விற்பனையாளரிடம் சொல்லி அதை இரவு நீளத்துக்கு இழுத்துவிடச் செய்து, அதன் பிறகு கால்மாட்டைச் சுற்றிக் கழிப்பறைக் கதவுவரை நடந்து பார்க்க வேண்டும்.