ஒரு சாண் ரப்பர்க் குழாய்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும் நாளில் ஆடுகளைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசுவது கடினம். அத்தகைய ஒரு வெள்ளியன்று, ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில் நாங்கள் நால்வர் பழைய கார் ஒன்றைச் சுற்றி நின்றிருந்தோம். நண்பருக்கு அவர் தந்தையின் வழி வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அது. மூன்றாம் மாதிரி, நான்கு கதவுகள் கொண்டது. பழுதுபார்க்க இறக்கிய எஞ்சின் அன்று காலைதான் மீண்டும் தன் இடத்தில் அமர்ந்திருந்தது. குழாய்களையும் கம்பிகளையும் இணைத்துவிட்டால் மாலையில் ஊர் திரும்பிவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

மெக்கானிக் பெரியவர் எங்கள் கணக்கில் சேரவில்லை. பெட்ரோல் செல்லும் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாயைக் கையிலெடுத்து மடித்துப் பார்த்தார். மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஓராண்டுக்கு முன்பு வாங்கியதுதான் என்றோம். "இது பழைய பெட்ரோலுக்கு வந்த ரப்பர் சார். இப்ப வர்ற பெட்ரோலுக்கு நிக்காது" என்று சொல்லிக் குப்பைத் தகரத்தில் போட்டார். இக்கட்டுரை அந்தத் தகரத்திலிருந்து பொறுக்கியெடுத்தது எனலாம்.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையில் இவ்வண்டியை உருவாக்கியது. அங்கே டிரையம்ப், இங்கே ஸ்டாண்டர்ட். 1968இல் சென்னையில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் எக்காலத்தும் விற்கப்படாத ஒன்று. நகல் என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடும் பொருள்களில் சில, மூலத்தில் இல்லாத பக்கங்களைக் கொண்டிருப்பதுண்டு.

1953இல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரையை முன்வைத்தது. வெளிநாட்டு உறுப்புகளை இங்கே பூட்டி விற்பதோடு நின்றுவிடும் நிறுவனங்களுக்கு இடமில்லை. உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே செய்யும் திட்டம் உள்ளவையே நீடிக்கலாம் என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவிலேயே கடையைக் கட்டின. எஞ்சியவர்களுக்கு உறுப்பு செய்து தர ஆள் வேண்டியிருந்தது. சென்னைப் பாடியில் 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியா. சோலெக்ஸ் உரிமத்தில் கார்பரேட்டர் செய்யச் சென்னையிலேயே கார்பரேட்டர்ஸ் லிமிடெட். பெங்களூரில் அதற்கு முன்பே மைக்கோ. இவ்வகையில் பார்த்தால், ஒரு ஹெரால்டின் முகப்பைத் திறப்பது அந்தப் பதினைந்து ஆண்டுகளைத் திறப்பதுதான். தொழில் வரலாறு எழுதுவோர் நிறுவனர்களின் படங்களையும் திறப்பு விழாக்களையும் தருகிறார்கள். குழாயும் கிளிப்பும் வாஷரும் அவற்றில் வருவதில்லை என்பது எமது நெடுநாள் மனக்குறை.

இன்னொரு தொடர்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டர்ட் – டிரையம்ப் நிறுவனத்தை 1961இல் வாங்கியது பிரிட்டனின் லேலண்ட். அதே லேலண்டுடன் 1955இல் கைகோத்ததுதான் அசோக் லேலண்ட். அதன் ஓசூர்த் தொழிற்சாலை 1980இல் வந்தது. சந்தைக்கு ஆடு ஏற்றிவந்த லாரிகளில் சிலவும் எங்கள் ஹெரால்டும் ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவினர்கள்.

ஹெரால்டின் முன்பகுதி மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்னோக்கிக் கவிழும். டயர் மீது அமர்ந்தபடியே வேலை பார்க்கலாம். பெரியவர் அப்படித்தான் அமர்ந்திருந்தார். பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோல் உலோகக் குழாய் வழியாகச் சேசிஸை ஒட்டி முன்னே வருகிறது. அங்கிருந்து பம்புக்குப் போகும் கடைசிச் சாண் மட்டும் ரப்பர். ஏன் என்று கேட்டோம். "எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது வளைஞ்சு கொடுக்கணும் இல்லையா?" என்றார். பம்பிலிருந்து கார்பரேட்டருக்கு இன்னொரு குழாய். கார்பரேட்டருக்கு நேர்கீழே புகைபோக்கியின் கொதிக்கும் இரும்பு இருக்கிறது. இணைப்பில் ஒரு துளி கசிந்தாலும் அது விழுமிடம் அதுதான். சாலையோரம் எரிந்து நிற்கும் பழைய கார்கள் பலவற்றின் கதை இந்த அரையடி உயரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அவர் வேலை செய்த வரிசை எந்த நூலிலும் கண்டு எழுதியதன்று. முதலில் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் பட்டை. அதை மறந்து ஸ்டார்ட்டரை இயக்கினால் மின்சாரம் சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி வழியே பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும் என்றார். பிறகு ரேடியேட்டர் ஓஸ்கள், ஆயில் பிரஷர் விளக்கின் வயர், டைனமோ வயர்கள், கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வாக்குவம் குழாய். பிளக் வயர்களை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என வாய்க்குள் முணுமுணுத்தபடி பொருத்தினார். அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த் என்பதால் அதை இருமுறை பார்த்தார். பெட்ரோல் குழாயைக் கடைசிக்கு வைத்திருந்தார். பேட்டரியை அதற்கும் பின்னால்.

இனி, புதிய பெட்ரோல். 2022இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு பத்து விழுக்காட்டை எட்டியது. 2030க்கென வைத்திருந்த இருபது விழுக்காட்டு இலக்கு 2025க்கு முன்னிழுக்கப்பட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரை உப்பவும் வெடிக்கவும் செய்யும். தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடைக் கரைத்துக் கார்பரேட்டருக்கு அனுப்பிவைக்கும். கரும்பு உழவருக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் விளையும் நன்மையை நாம் மறுக்கவில்லை. எரிபொருள் மாற்றமும் தமிழகத்துக்குப் புதிதன்று: இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் பஞ்சத்தில் டி.வி.எஸ். நிறுவனமே கரிவாயுக் கலம் செய்து பேருந்துகளை ஓடவைத்திருக்கிறது. ஆனால் அன்று மாற்றம் எல்லார் கண்ணிலும் படும்படி வண்டியிலேயே தொங்கியது. இன்று அது குழாய்க்குள் இருக்கிறது. 2021இல் ஒன்றிய அரசு ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. பாரம்பரியம் என்று எண்பலகை கிடைக்கும். அதற்கேற்ற ரப்பரை நாம்தான் தேட வேண்டும்.

எத்தனாலைத் தாங்கும் குழாயை ஓசூரிலிருந்து வாங்கிவர மூன்று மணி நேரமாயிற்று. பம்பின் உள்ளிருக்கும் டயாபிரமும் பழைய ரப்பர்தான் என்று பெரியவர் நினைவூட்டினார். அதற்குச் சென்னைக்குச் சொல்லியிருக்கிறோம். குழாயைச் செருகிக் கிளிப்பை இறுக்கியதும் பம்பின் அடியிலுள்ள சிறு கைப்பிடியை விரலால் தட்டத் தொடங்கினார். ஏறத்தாழ முப்பது தட்டு. கார்பரேட்டர் நிரம்பியதும் கைப்பிடி தளர்ந்தது. வெள்ளைத் துணியொன்றை ஒவ்வோர் இணைப்பிலும் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மூன்றாவது இணைப்பில் ஒரு பொட்டு ஈரம். கழற்றி, வாஷர் மாற்றி, மறுபடியும் முப்பது தட்டு. துணி உலர்ந்தே வந்தபோது சந்தை கலைந்து, கடைசி ஆட்டு வண்டியும் போயிருந்தது.