நல்லூரும் உயர்தர வகுப்புத் துறைத் தெரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

க. பொ. த. சாதாரணதரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நல்லூர் வீடுகள் பலவற்றில் எழும் முதல் வினா, "கணிதமா, உயிரியலா?" என்பதாகும். கலையும் வர்த்தகமும் அவ்வினாவில் இடம்பெறுதல் அரிது. பதினாறு வயதுப் பிள்ளையின் நாட்டத்தை அறியுமுன்னரே முடிவு செய்துவிடும் இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை ஈண்டு நோக்குவாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. கிணற்று நீரே பயிருக்கு ஆதாரம். முதுசமாகவும் சீதனமாகவும் துண்டாடப்பட்ட காணி எல்லாக் குடும்பங்களுக்கும் போதுமானதாக இருக்கவில்லை. ஆதலின் கல்வியே பிழைப்புக்கு வழியாயிற்று. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஆங்கிலம் கற்றோர் கொழும்பிலும் மலாயாவிலும் அரசாங்க உத்தியோகம் பெற்றனர். 1945இன் இலவசக் கல்வி இவ்வழியை மேலும் அகலமாக்கியது.

1956இன் தனிச்சிங்களச் சட்டம் எழுதுவினைஞர் உத்தியோகத்தை நம்பியிருந்தோரின் வழியைக் குறுக்கியது. மொழித் தேர்ச்சியை அவ்வளவாகச் சாராத மருத்துவமும் பொறியியலும் அதன்பின்னர் பெற்றோரின் பெருநம்பிக்கையாயின. தூய கணிதம், பிரயோக கணிதம் ஆகியவற்றையோ, தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றையோ பௌதிகம், இரசாயனத்துடன் கற்பதே நல்ல மாணாக்கனின் இலக்கணம் எனக் கருதப்பட்டது. நாட்டு மக்களில் ஏறத்தாழ 7 வீதத்தினரே வாழ்ந்த வடமாகாணம், 1969இல் பல்கலைக்கழக விஞ்ஞானத் துறை அனுமதிகளில் 27.5 வீதத்தைப் பெற்றது.

அடுத்துவந்தது தரப்படுத்தல். 1971ஆம் ஆண்டு அனுமதியில், 400 புள்ளிகளுள் மருத்துவத்துக்குச் சிங்களமொழி மூலத்தார்க்கு 229 போதுமாயிருக்க, தமிழ்மொழி மூலத்தார்க்கு 250 வேண்டப்பட்டது. பொறியியலுக்கு இவை முறையே 227, 250 ஆகும். 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர, வடமாகாணத்தின் பங்கு 7 வீதமாகக் குறைந்தது. மாவட்டப் பங்கீட்டால் வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகள் நன்மையடைந்தனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. எனினும், மொழியை அளவாகக் கொண்ட முன்னைய ஏற்பாடு ஒரு தலைமுறையின் மனத்தில் ஆறாத வடுவை விட்டது. அரசியல் எதிர்ப்பின் வளர்ச்சியில் அதன் பங்கு யாவரும் அறிந்ததே.

வாயில் ஒடுங்கிய பின்னரும் பெற்றோர் அதே இரு துறைகளையே நாடினர் என்பது இங்கு சிந்திக்கத்தக்கது. ஒடுக்கம் மிகுந்தோறும் போட்டி மிகுந்தது. தனியார் வகுப்புகள் பெருகின. மும்முறை பரீட்சைக்குத் தோற்றுதலும் வழக்கமாயிற்று. கலைத்துறையோ எஞ்சியோர்க்குரியதாக எண்ணப்பட்டது. இதே காலத்தில், 1974இல், நல்லூருக்கு அயலிலுள்ள திருநெல்வேலியில், இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்திலே யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் க. கைலாசபதி தமிழிலக்கிய ஆய்வாளர் ஆவார். அவரது தலைமையைப் போற்றிய சமூகம், தன் பிள்ளை அவர் துறையைத் தெரிய அஞ்சியது.

பின்னர் நான்கு பாடங்கள் மூன்றாயின. இசட் புள்ளி முறை வந்தது. தொழினுட்பத் துறையும் சேர்ந்தது. ஆயினும் பழைய வினா மாறவில்லை. முன்னோர் அத்துறைகளைத் தெரிந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. அன்றைய காரணம் இன்றைய பிள்ளைக்கும் பொருந்துமா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியின் முதற்படி, பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்பதேயாகும்.