ஜான் டூயியின் பரிசோதனைப் பள்ளி

பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி வாங்குவது அவ்வளவு கஷ்டமான காரியமா? ஜான் டூயிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 1890-களில் சிகாகோ நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கினார். எந்தக் கடையிலும் அவர் நினைத்த மேசை இல்லை. கடைசியில் விஷயம் தெரிந்த ஒரு கடைக்காரர் காரணத்தைச் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, இங்கே இருப்பதெல்லாம் உட்கார்ந்து பாடம் கேட்பதற்கான மேசை என்றாராம். பிற்பாடு ஒரு சொற்பொழிவில் டூயியே இதைச் சொல்லியிருக்கிறார். அன்றைய பள்ளிகளின் மொத்தக் கதையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

யார் இந்த டூயி? அமெரிக்கத் தத்துவ அறிஞர். 1894-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறைத் தலைவராகச் சேர்ந்தார். ராக்ஃபெல்லரின் பணத்தில் தொடங்கி, வகுப்புகள் ஆரம்பித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த பல்கலைக்கழகம் அது. உளவியலும் கல்வியியலும் அவருடைய துறையிலேயே சேர்ந்திருந்தன. இயற்பியல் துறைக்கு ஒரு சோதனைச்சாலை இருப்பதைப் போலக் கல்வியியல் துறைக்கும் ஒன்று வேண்டும், அது ஒரு பள்ளிக்கூடமாகத்தான் இருக்க முடியும் என்று அவர் வாதாடினார். அப்படித்தான் 1896 ஜனவரியில் 57-வது தெருவில் ஒரு சின்ன வீட்டில் அந்தப் பள்ளி பிறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் பதினைந்து பதினாறு பிள்ளைகள்தான். பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளி. காலையில் வந்து வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், விடுதி கிடையாது.

அங்கே அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்? சமையல், தையல், நெசவு, தச்சு வேலை! பையன்களும் தைத்தார்கள், பெண்களும் ரம்பம் பிடித்தார்கள். பார்க்க வந்த பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அவர்களைத் தையல்காரர்களாகவோ தச்சர்களாகவோ ஆக்குவது டூயியின் நோக்கம் அல்ல. அந்த வேலைகள் வழியாகத்தான் அறிவியலும் வரலாறும் கணக்கும் உள்ளே வந்தன.

பஞ்சுப் பாடம் இதற்கு நல்ல உதாரணம். பிள்ளைகள் கையில் கம்பளி மயிரையும் செடியிலிருந்து பறித்த பருத்தியையும் கொடுத்தார்கள். பழங்காலத்தில் கம்பளி முன்னேறிய அளவுக்குப் பருத்தி ஏன் முன்னேறவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழு முப்பது நிமிடம் உட்கார்ந்து கையாலேயே பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்தது. கிடைத்த பஞ்சு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம்கூட இல்லை! ஒரு ஆள் நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு பவுண்டு பஞ்சுதான் தேறும் என்பது அவர்களுக்கு உடனே விளங்கியது. கொட்டை எடுக்கும் ஜின் இயந்திரம் 1793-ல் வந்ததும் பருத்தி வியாபாரம் ஏன் தலைகீழாக மாறியது என்பதை இனி யாரும் அவர்களுக்கு நெட்டுருப் போட வைக்க வேண்டியதில்லை. இப்படிப் பார்த்தால் அது பொருளாதார வகுப்பும்தான்.

கலைப் பாடமும் இதே வழியில்தான் போனது. டூயி சொல்லும் ஒரு ஓவியத்தின் கதை இருக்கிறது. ஒரு பிள்ளையை மரம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் வரைகிற மாதிரியே ஒரு மரத்தை வரைகிறது. ஆசிரியர் தப்பு என்று சொல்லவில்லை, அடித்துத் திருத்தவும் இல்லை. வெளியே போய் உண்மையான மரங்களை உற்றுப் பார்த்து, நீ வரைந்த மரத்தோடு ஒப்பிட்டுப் பார் என்றார். பிள்ளை பார்த்து வரைந்தது. அதற்குப் பிறகு கண்ணால் கண்டதையும் மனதில் நின்றதையும் கற்பனையையும் சேர்த்து மறுபடி வரைந்தது. அந்த மூன்றாவது மரம்தான் கலை! பாட்டும் அப்படியே. பிள்ளைகள் பாட்டுகளுக்குச் சொந்தமாக மெட்டுப் போட்டார்கள், படித்த வரலாற்றை நாடகமாக நடித்தார்கள். பெரிய பிள்ளைகள் சங்கம் கூடுவதற்கு இடம் இல்லாமல் தாங்களே திட்டம் போட்டு ஒரு சின்ன மன்ற வீட்டைக் கட்டினார்கள்.

எல்லாமே முதல் தடவையிலேயே சரியாக வந்துவிடவில்லை. ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்தையும் நடத்துவது என்று தொடங்கினார்கள். ஒரு வருடத்துக்குள் அது சரிப்படவில்லை என்று தெரிந்தது. அறிவியல் தெரிந்தவர் அறிவியலையும் இசை தெரிந்தவர் இசையையும் நடத்தட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். சோதனைச்சாலை என்று பெயர் வைத்தால் இப்படி மாற்றிக்கொள்ளத்தானே வேண்டும்?

இனி வரவு செலவுக்கு வருவோம். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குழு என்று பிரித்தால் ஆசிரியர்கள் எத்தனை பேர் வேண்டும்? 1902 வாக்கில் 140 மாணவர்களுக்கு 23 ஆசிரியர்கள், அதுபோக உதவியாளர்கள் 10 பேர். ஆறு மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர்! பல்கலைக்கழகம் பணத்தைக் கொட்டிக் கொடுக்கவில்லை. கட்டணம் வாங்கியும் செலவுக்குப் போதவில்லை. பெற்றோரும் நண்பர்களும் நன்கொடை கொடுத்துத்தான் ஒவ்வொரு வருடமும் சமாளித்தார்கள். 1899 ஏப்ரலில் அந்தப் பெற்றோர்கள் முன்னால் டூயி பேசிய பேச்சுகள்தான் 'பள்ளியும் சமுதாயமும்' என்ற புகழ்பெற்ற புத்தகமாக வந்தன.

அதே சிகாகோவில் பிரான்சிஸ் பார்க்கர் என்ற இன்னொரு கல்வியாளர் இருந்தார். அவருக்கு ஆதரவாக நின்றவர் அனிதா மெக்கார்மிக் பிளெய்ன். அறுவடை இயந்திரத்தால் பெரும் செல்வம் சேர்த்த மெக்கார்மிக்கின் மகள். 1901-ல் பார்க்கரின் நிறுவனம் அதன் பணத்தோடும் பள்ளியோடும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆரம்பப் பள்ளிகள்! அடுத்த ஆண்டே பார்க்கர் காலமானார். 1903-ல் இரண்டு பள்ளிகளும் ஒன்றாயின. டூயியின் மனைவி ஆலிஸ் தலைமை ஆசிரியை ஆனார். பார்க்கர் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆலிஸின் வேலை ஒரு வருடத்துக்கு மட்டும்தான் என்பது பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரின் எண்ணம், டூயி தம்பதிக்கோ அது அதிர்ச்சி. 1904-ல் இருவரும் ராஜினாமா செய்தார்கள். சேர்ந்து வாழக் கற்றுக்கொடுத்த பள்ளியில் பெரியவர்களால் சேர்ந்து வேலை செய்ய முடியாமல் போனது!

டூயி நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சிகாகோவில் எட்டு வருடம் பார்த்ததையெல்லாம் யோசித்து யோசித்து 1916-ல் 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அது உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1913 முதல் 1916 வரை, கொலம்பியாவில் டூயியின் வகுப்புகளில் இந்தியாவிலிருந்து போன ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பீமராவ் அம்பேத்கர்.

அம்பேத்கர் படித்த பள்ளி எப்படிப்பட்டது? மகாராஷ்டிரத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார அவருக்கு அனுமதி இல்லை. வீட்டிலிருந்து கொண்டு போன சாக்கை விரித்து ஒதுங்கி உட்கார வேண்டும், மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டு போக வேண்டும். தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் குடிக்கலாம், பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஒரு சிறிய சமுதாயம் என்று டூயி சொன்னதன் முழு அர்த்தமும், அந்தச் சமுதாயத்துக்கு வெளியே சாக்கில் உட்கார வைக்கப்பட்டவருக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்குப் புரிந்திருக்கும்? ஜனநாயகம் ஆட்சிமுறை மட்டுமல்ல, மனிதர்கள் சேர்ந்து வாழும் முறை என்ற கருத்தை அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் பார்க்கலாம். டூயி தன் ஆசிரியர், அவருக்குத் தான் நிறையக் கடன்பட்டிருப்பதாக அதிலேயே குறிப்பிடுகிறார்.

சிகாகோ பள்ளி மூடப்படவில்லை. மழலையர் வகுப்பிலிருந்து உயர்நிலை வரை உள்ள பெரிய தனியார் பள்ளியாக இன்றும் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. ஒபாமா அதிபராகும் வரை அவருடைய இரண்டு மகள்களும் அங்கேதான் படித்தார்கள். 2015-ல் கலைகளுக்கென்றே தனிக் கட்டடம் திறந்தார்கள். அதற்கு ஜார்ஜ் லூகாஸ் குடும்ப அறக்கட்டளை 25 மில்லியன் டாலர் கொடுத்தது. கட்டடத்துக்கு வைத்த பெயர் லூகாஸின் பெயர் அல்ல, கறுப்பினப் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸின் பெயர்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை. நல்ல பெற்றோர் தன் பிள்ளைக்கு எதை விரும்புகிறாரோ அதைச் சமுதாயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரும்ப வேண்டும் என்று டூயி 1899-ல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கட்டணம் கட்டிய பெற்றோர்கள். ஆறு பேருக்கு ஒரு ஆசிரியர் என்ற வசதி 140 பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அதற்கே வருடாவருடம் நன்கொடை தேட வேண்டியிருந்தது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவதற்கான பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்குச் சிகாகோவில் பதில் கிடைக்கவில்லை. நூறு வருடம் தாண்டிய பிறகும் எந்த நாட்டு அரசு கல்விக்குப் பட்ஜெட் போட்டாலும் முதலில் எதிரே வந்து நிற்பது அந்தக் கேள்விதான்.