தண்டனையா? அளவுகோலா?



எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மா, "போதை மருந்து போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறவனைத் தூக்கி உள்ளே போடுங்க, எல்லாம் சரியாயிடும்"னு சொன்னாங்க. கோபம் நியாயமானதுதான். ஆனா உள்ளே போடறதுக்கு முன்னாலே, அவன் போதையிலே இருந்தான்னு நிரூபிக்கணுமே! கொஞ்சம் வரலாற்றைப் பாருங்க.

1897-ஆம் ஆண்டு. லண்டனிலே ஜார்ஜ் ஸ்மித் என்கிற டாக்சி டிரைவர் குடிச்சுட்டு ஓட்டி, ஒரு கட்டடத்திலே மோதினார். அபராதம் 25 ஷில்லிங். குற்றத்தை அவரே ஒப்புக்கிட்டார். எல்லாரும் அப்படி ஒப்புக்குவாங்களா? (சிரிப்பு)

1930-இல் பிரிட்டிஷ் சட்டம் சொன்னது: மதுவாலோ மருந்தாலோ வண்டியைக் கட்டுக்குள் வைக்க முடியாத நிலையில் ஓட்டினால் குற்றம். கவனிங்க, மருந்து அன்னைக்கே சட்டத்துக்குள்ளே வந்தாச்சு. ஆனா "முடியாத நிலை" என்பதை எதை வச்சு அளக்கிறது?

மதுவுக்கு 1967-இல் விடை கிடைச்சது. அப்போ போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அம்மையார். அவருக்கே கார் ஓட்டத் தெரியாது! (கைதட்டல்) 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம். சாலையிலேயே ஊதிக் காட்டணும். முதல் 12 மாதத்தில் 1,100-க்கும் அதிகமான உயிர்கள் தப்பின. காப்பாத்தினது எது? வெறும் மிரட்டல் இல்லீங்க, அளவு!

மருந்துக்கு அந்த அளவு எப்போ வந்தது? 2015-இல்! நாற்பத்தெட்டு வருஷம் கழிச்சு. அதிலேயும் ஒரு நியாயம் வச்சாங்க: டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மருந்து சாப்பிட்டு, நிதானமா ஓட்டுகிற நோயாளிக்குப் பாதுகாப்பு உண்டு.

அளவுகோலும் தவறலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004-இல் சாலையில் எச்சில் பரிசோதனை தொடங்கினாங்க. முதலில் மாட்டியவர் படம் ஊரெல்லாம் வந்தது. பிறகு ஆய்வுக்கூடச் சோதனையிலே அவர் குற்றமற்றவர்னு ஆச்சு. போன மானம் திரும்புமா? கஞ்சாவின் மிச்சம், மயக்கம் தெளிஞ்சு பல நாள் கழிச்சும் சிறுநீரில் தெரியும். அதை வச்சு இன்னைக்கு ஓட்டினவனைத் தண்டிக்கலாமா?

நம்ம ஊருக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆவது பிரிவு. மதுவுக்கு 30 மில்லிகிராம் என்று எண் இருக்கு. மருந்துக்கு? 1930-இன் அதே வார்த்தைகள்தான்! 2019-இல் முதல் குற்றத்துக்கு அபராதத்தை 10,000 ரூபாய் வரை உயர்த்தினாங்க. தொகை ஏறிச்சு, எண் வரலை. போலீஸ்காரர் கையிலே இருக்கிற ஊதுகுழாய் மதுவைத்தான் காட்டும், கஞ்சாவைக் காட்டாது.

அதனாலே என் அணி கேட்பது நாலே நாலு. சாலையிலே எச்சில் சோதனை. அதை ரத்தப் பரிசோதனை உறுதி செய்த பிறகே வழக்கு. நோயாளிக்குச் சட்டப் பாதுகாப்பு. தூக்கம் வரவைக்கிற சளி மாத்திரை அட்டையிலே, "சாப்பிட்டால் வண்டி ஓட்டாதே"னு தமிழிலே பெரிய எழுத்து.

நாளைக் காலையிலே நம்ம பிள்ளை பஸ் ஏறப் போகுது. விபத்துக்கு அப்புறம் வர்ற தண்டனை அந்தப் பிள்ளையைக் காப்பாத்தாது. டிரைவர் சீட்டிலே உட்காருகிறவரைத் தடுத்து நிறுத்துகிற சோதனைதான் காப்பாத்தும். தீர்ப்பை அளவுகோல் பக்கம் சொல்லுங்கள் என்று கேட்டு, விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)