மூளையின் வெண்பொருளும் முதுமையும்

வெண்பொருள் என்பது பெருமூளையின் சாம்பல்நிறப் புறணிக்கு உள்ளே, மூளையின் பருமனில் ஏறக்குறையப் பாதியை நிரப்பி நிற்கும் நரம்பிழைத் தொகுதியாகும். இழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் என்னும் கொழுப்புறை அதற்கு வெண்ணிறத்தை அளிக்கிறது. உறையற்ற மெல்லிழையில் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர் தூரமே ஊர்ந்து செல்லும் நரம்புத் துடிப்பை, பருத்த இழைகளில் 100 மீட்டர் வரை விரைந்தோடச் செய்வதும் அவ்வுறையே. முதுமையில் உறைக்கும் இழைக்கும் நேரும் மாறுதல்கள் சிந்தனையின் வேகத்தைத் தளர்த்துகின்றன என்பதை விஞ்ஞானம் மிகத் தாமதமாகவே கண்டுகொண்டது.

1543-இல் பேசல் நகரில் வெளியான தமது உடற்கூற்று நூலில் வெசேலியஸ் மூளையின் வெண்பகுதியையும் சாம்பற்பகுதியையும் பிரித்துக் காட்டினார். ஆயினும், 1665-இல் பாரிஸில் நிகழ்த்திய சொற்பொழிவில், மூளையை அறிய விரும்புவோர் அதன் இழைகள் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து செல்வதே உத்தமமான மார்க்கம் என்று வற்புறுத்திய டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சனையே இத்துறையின் முன்னோடியாகக் கொள்ளுதல் தகும். அவர் காட்டிய மார்க்கத்தில் உயிருள்ள மனிதரிடம் நடந்து பார்ப்பதற்கு வேண்டிய கருவிகள் அமைய மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

இதற்கிடையே, 1854-இல் விர்க்கோ மயலினுக்குப் பெயரிட்டார்; 1921-இல் டெல் ரியோ ஓர்ட்டேகா அவ்வுறையை உண்டாக்கும் உயிரணுக்களை விவரித்தார். லைப்சிக் நகரத்துப் பிளெக்சிக், மூளை வளர்கையில் புலனறிவுக்குரிய பாதைகள் முதலிலும், உயர்ந்த சிந்தனைக்குரிய இணைப்புப் பாதைகள் இறுதியிலுமாக உறை பெறுகின்றன என்று நிறுவினார். 1894-இல் யேனா நகரத்துப் பின்ஸ்வாங்கர், படிப்படியாக அறிவு குன்றிய நோயாளர் சிலரிடம் வெண்பொருள் சுருங்கியிருந்ததை எழுதினார். இவை யாவும் தனித்தனிச் செய்திகளாகவே கிடந்தன. மூளைப் பகுதிகள் ஊனமின்றி இருப்பினும் அவற்றுக்கிடையேயுள்ள தொடர்பு அறுபடுவதாலேயே மனத்தின் தொழில்கள் கெடக்கூடும் என்று 1965-இல் கெஷ்விண்ட் விரித்துரைத்த பின்னரே அவற்றைக் கோத்துக் காண ஒரு சித்தாந்தம் வாய்த்தது.

அக்காலத்தும், முதியோர் மூளையில் நரம்பணுக்கள் பெருந்தொகையாக மடிகின்றன என்று 1955-இல் பிரோடி வெளியிட்ட கணக்கே செல்வாக்குப் பெற்றிருந்தது. திருத்தமான எண்ணல் முறைகளைக் கையாண்ட கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர், 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே புறணியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 10 சதவீதமே வேறுபாடு உண்டு என்று 1997-இல் காட்டினர். அவர்களே 2003-இல் வெளியிட்ட கணக்கு இதனினும் வியப்புக்குரியது: 20 வயது ஆடவரின் மூளையில் உறையிட்ட இழைகளின் மொத்த நீளம் சுமார் 1,76,000 கிலோமீட்டர், பெண்டிரில் 1,49,000; 80 வயதிற்குள் அதில் 45 சதவீதம் குறைந்துபோகிறது. பாஸ்டனில் குரங்குகளின் மூளையை ஆராய்ந்த ஆலன் பீட்டர்ஸ், வயதேற வயதேற உறைகள் பிளவுபட்டும் வீங்கியும் சிதைவதையும், மறுபடி உண்டாகும் உறைத் துண்டுகள் குறுகியிருப்பதையும் கண்டார். துண்டுகள் குறுகும்போது துடிப்பின் வேகமும் குறைவதால், சேய்மையிலுள்ள பகுதிகள் தம்முள் காலம் ஒத்து இயங்குதல் அரிதாகிறது.

1994-இல் பாஸரும் உடனுழைப்போரும் வகுத்த விரவல் டென்சர் படமுறை, நீரின் மூலக்கூறுகள் இழையின் போக்கில் எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் பரவுவதைக் கொண்டு பாதைகளின் செம்மையை உயிருள்ளோரிடத்திலேயே அளக்க வழிசெய்தது. நெற்றிப்புறத்து இணைப்புகளே பின்புறத்தவற்றைவிட மிகுதியாகத் தளர்கின்றன என்பது இதனால் வெளியாயிற்று. கடைசியில் முதிர்ந்த பாதை முதலில் தளரும் என்று சிலர் கூறும் கருதுகோளுக்கு இது இசைவானதே. எனினும் முழு நிரூபணமாகாது. காரியங்களைத் திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல், விரைந்து கிரகித்தல் ஆகியவை முந்தித் தளர, சொல்வளமும் வாழ்நாளெல்லாம் திரட்டிய ஞானமும் நெடுங்காலம் நிலைபெறுவதை இவ்வுண்மையோடு சேர்த்தே நோக்க வேண்டும். மறுமொழி கூறத் தாமதிக்கும் முதியவரை அறிவிழந்தவராகக் கருதுதல் பெரும் அநியாயம்.

முதுமையின் இயல்பான தேய்வோடு, நுண்ணிய இரத்தக் குழாய்களின் கேடும் வெண்பொருளைத் தாக்குகிறது. காந்தப் படங்களில் வெண்திட்டுகளாகத் தோன்றும் இக்கேட்டுக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று உயர் இரத்த அழுத்தம். இரத்த அழுத்தத்தின் மேலெண்ணை 140-க்குப் பதில் 120-க்குக் கீழே வைத்து அமெரிக்காவில் நடத்திய பெருஞ்சோதனையின் 2019-ஆம் ஆண்டு முடிவுகளில், இத்திட்டுகள் பெருகும் வேகம் குறைந்திருந்தது. முதுமை மறதிநோயில் நிச்சயமான வேறுபாடு புலப்படாவிடினும், அதற்கு முந்திய நிலையாகிய மிதமான அறிவுக்குறைபாடு குறைவாகவே தோன்றியது.